மூப்பர் கேட்ட மூன்று கேள்விகள்

வெகு காலத்துக்கு முன்னே, ரயிலும் தபாலும் தேரிக்காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத நாளில், செம்மணலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே கிருபைக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. கேட்கிறவர்கள் கொஞ்சம் அருகே வந்து உட்காருங்கள். கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் இன்னும் அருகே வாருங்கள். இந்தக் கதை முக்கியமாக உங்களுக்குத்தான்.

ஊருக்கு நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு வடக்கே இயேசுவை நம்புகிற வேதக்காரர் வீடுகள் நாற்பது, ஒரு கோயில், ஒரு மணி. ஓடைக்குத் தெற்கே பனையேறிகள் வீடுகள் அறுபது, ஒரு புளியமரம், மரத்தடியில் ஒரு சுடலைமாடன் பீடம்.

வடக்கே இருந்தவர்கள் தெற்கே இருந்தவர்களுக்கு அஞ்ஞானிகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அறிவில்லாதவர்கள் என்று அர்த்தம். அந்த அறிவில்லாதவர்கள் இறக்கிய பதநீரைக் குடித்து, அவர்கள் முடைந்த பாயில் படுத்து, அவர்கள் வேய்ந்த ஓலைக் கூரையின் கீழ் இருந்துகொண்டுதான் அப்படி அழைத்தார்கள்.

குருவானவர் வருஷத்தில் மூன்று முறை மாட்டு வண்டியில் வந்து போவார். மற்ற நாட்களில் கடவுளின் சார்பில் பேசுகிற பொறுப்பைச் சபையின் பெரிய மூப்பர் மாசிலாமணி எடுத்துக்கொண்டார். கடவுள் அவரிடம் அப்படிக் கேட்டுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

பெயரிலேயே மாசு இல்லாத மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, வெள்ளை மீசை. ஜெபிக்க ஆரம்பித்தால் கடவுளுக்கே ஊர் நிலவரத்தை விளக்கிச் சொல்வார். ஓய்வுநாளில் யார் துணி துவைத்தார்கள், யார் காணிக்கைப் பை வரும் நேரம் பார்த்துத் தூங்கினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். கடவுள் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்று அவருக்கு ஒரு கவலை.

அவருக்கு ஒரு மகன், பெயர் சற்குணம். மகனுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஒரு வருஷம் கொள்ளைநோய் வந்தது. சற்குணம் மூன்று நாள் தங்கையின் பாயருகே முழங்காலில் நின்று ஜெபித்தான். நாலாம் நாள் அவளை அடக்கம் செய்தார்கள். அவளுக்கு எட்டு வயது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னபோது சற்குணம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி பிடித்துக்கொண்டார்.

"ஏல, கோயில்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நம்பிக்கை இல்லப்பா. இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்ல?"

ஒரு தகப்பன் அந்த நேரத்தில் மகனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். அழுவதற்கு அவருக்கும் காரணம் இருந்தது. மாசிலாமணியோ சபைப் பதிவேட்டை எடுத்து, மகன் பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். விசுவாசம் இல்லாதவனுக்கு இந்த வீட்டில் சோறு இல்லை என்றார். அன்றைக்கே சற்குணம் தெற்கே கடற்கரைக்கு உப்பள வேலைக்குப் போய்விட்டான்.

மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு சேதியும் இல்லை. தாய் சாராள் மகன் பெயரைச் சொல்லி அழுவாள். மாசிலாமணி அழமாட்டார். சாயங்காலம் ஆனால் மட்டும் ஓடைக்கரையில் போய் நின்று தெற்குப் பாதையையே பார்ப்பார். யாராவது கேட்டால், "மழை மேகம் வருதான்னு பாக்கேன்" என்பார். அந்தத் திசையிலிருந்து கிருபைக்குடிக்கு மழை வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

இனி அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் கோயிலில் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொட்டி, ஒன்றாக ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது.

எப்போதோ ஒரு பஞ்ச காலத்தில் ஆரம்பித்தது. அப்போது வடக்கே கொஞ்சம் அரிசி இருந்தது, விறகு இல்லை. தெற்கே விறகும் பனங்கிழங்கும் இருந்தன, அரிசி இல்லை. இரண்டு பக்கமும் இருந்ததைச் சேர்த்து ஒரே அண்டாவில் போட்டு உயிர் பிழைத்தார்கள். அன்று முன்னோர்கள் இரண்டு கட்டளை வைத்தார்கள். யார் வந்தாலும் உட்கார வைக்க வேண்டும். ஆக்கின சோறு மறுநாளுக்கு மிஞ்சக் கூடாது.

முன்னோர்கள் நல்லவர்கள். ஆனால் மாசிலாமணி அளவுக்கு வேதம் படித்தவர்கள் இல்லை. போன வருஷ அசனத்தில் அவர் பந்தியை எண்ணிப் பார்த்தார். வடக்கத்தியார் நூற்றெண்பது பேர். தெற்கத்தியார் இருநூற்று அறுபது பேர். அதிலும் சுடலையாண்டி என்ற பனையேறி மூன்றாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினான். அந்த மூன்றாம் கரண்டி மூப்பரின் மனசில் ஒரு வருஷமாக ஆறாமல் கிடந்தது.

இந்த வருஷம் சபைக் கமிட்டியைக் கூட்டினார்.

"கடவுள் நமக்குத் தகப்பன். தகப்பன் வீட்டுப் பந்தியில புள்ளைங்கதான் உக்காரணும். அஞ்ஞானிக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

சின்ன மூப்பர் துதிமுத்து, "ஆமென்" என்றார். பெரிய மூப்பர் தும்மினாலும் அவர் அப்படித்தான் சொல்வார்.

தீர்மானம் நிறைவேறியது. அஞ்ஞானிகள் விறகு தரலாம். அஞ்ஞானிகள் கத்திரிக்காய் தரலாம். அஞ்ஞானிகள் சோறு வாங்கிச் சாப்பிடப் பனையோலைப் பட்டை மடித்துத் தரலாம். அஞ்ஞானிகள் உட்காரக் கூடாது. கத்திரிக்காய்க்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் சாராள் கணவரிடம் வந்தாள்.

"ஏங்க, அவங்களையும் கர்த்தர்தானே படைச்சாரு?"

"படைச்சாரு. படைக்கிறது வேற, புள்ளையா வச்சுக்கிடுறது வேற. நம்பாதவன் அவருக்குப் புள்ளை இல்ல."

"அப்போ நம்ம சற்குணம்?"

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டார். மேகம் பார்க்க வேண்டியிருந்தது.

அசன நாள் வந்தது. கோயில் வாசலில் துதிமுத்து பதிவேட்டோடு நின்றார். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது பெரிய மூப்பர் உத்தரவு. ஞானஸ்நானம் பெற்றாயா? விசுவாசப் பிரமாணத்தைத் தடங்கலில்லாமல் சொல்வாயா? இந்த வருஷம் எந்த மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் போகாமல் இருந்தாயா?

வேதக்காரர்கள் முதல் கேள்வியைச் சுலபமாகத் தாண்டினார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டதைத் தவிர அதில் அவர்கள் சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. இரண்டாம் கேள்வியில் பாதிப் பேருக்கு நாக்கு புரண்டது. நடுவில் மறந்துபோனவர்கள் இருமினார்கள். இருமலையும் பிரமாணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று துதிமுத்து முடிவு செய்தார்.

மூன்றாம் கேள்விக்குப் பெரிய மூப்பரின் மைத்துனர் அருளப்பன் கொஞ்சம் திணறினார். "மாட்டைக் காணோம்னு தேடிப் போனேன். மாடு கொடை நடக்கிற எடத்துல போய் நின்னுட்டு" என்றார். கிடா வெட்டிக் கறி பங்கு போட்டு முடிகிறவரைக்கும் அந்த மாட்டை அவர் தேடியிருக்கிறார். உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம், தீர்மானம் இன்னதென்று தெரியாத தெற்கத்தியார் வந்தார்கள். குளித்து, துவைத்த வேட்டி கட்டி, பிள்ளைகளுக்குத் தலை சீவிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் கேள்விக்கே இல்லை என்றார்கள். இருமத் தெரியாதவர்கள். காலையில் விறகு சுமந்து வந்தபோது நன்றி சொன்ன அதே துதிமுத்து இப்போது கையை நீட்டி வழி மறித்தார். அவர்கள் சண்டை போடவில்லை. ஏன் திரும்பிப் போகிறோம் என்று பிள்ளைகள் கேட்டதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் போய், அக்கரையில் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சாம்பார் வாசனை மட்டும் ஓடையைத் தாண்டி வந்தது. அதை மறிக்கக் கமிட்டியில் தீர்மானம் இல்லை.

உள்ளே பந்தி நடந்தது. நூற்றெண்பது பேரும் முட்ட முட்டச் சாப்பிட்டார்கள். எழுந்து கை கழுவிவிட்டுப் பார்த்தால் அண்டாவில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. எப்படி இல்லாமல் இருக்கும்? வழக்கமாக நானூற்று நாற்பது பேருக்கு ஆக்குகிற கை, அளவு தெரியாமல் ஆக்கிவிட்டது. பந்தியைக் குறைக்க ஒரு மாதம் யோசித்தவர்கள் அரிசியைக் குறைக்க மறந்துபோனார்கள்.

மறுநாளுக்கு மிஞ்சக் கூடாது என்பது கட்டளை. அஞ்ஞானிக்குக் கொடுக்கக் கூடாது என்பது தீர்மானம். மாசிலாமணி கண்ணை மூடி யோசித்தார். பிறகு கண்ணைத் திறந்து, "கோயிலுக்குப் பின்னால ஒரு குழி வெட்டுங்க" என்றார்.

ஆம், நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். கூப்பிடு தூரத்தில் இருநூற்று அறுபது பேர் பசியோடு உட்கார்ந்திருக்க, பரிசுத்தமான சோற்றைப் பரிசுத்தமாகப் புதைப்பதற்குக் குழி வெட்டினார்கள்.

குழி இடுப்பளவு ஆனபோது வாசலில் ஒரு சத்தம். நாலு பனையேறிகள் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள். முன்னால் சுடலையாண்டி. கட்டிலில் ஓர் ஆள் கிடந்தான். முகம் வெந்து கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது, கால்களில் உப்புப் புண்.

"முன்னமே சொல்லியாச்சே, உங்களுக்கு இன்னைக்கு எடம் இல்லைன்னு" என்றார் துதிமுத்து.

"எங்களுக்கு எடம் வேண்டாம்யா. இவருக்குத்தான். விடியக்காலம் பனையேறப் போனேன், தேரிமணல்ல கிடந்தாரு. மூச்சு மட்டும் இருந்துச்சு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். எம்பொண்டாட்டி கஞ்சித் தண்ணியை வாயில விட்டுக்கிட்டே இருந்தா. இப்பத்தான் கண்ணு முழிச்சு, அம்மையைப் பாக்கணும்னாரு. அம்மை எங்க இருக்காவன்னு கேட்டா கோயிலைக் காட்டுதாரு" என்றான் சுடலையாண்டி.

துதிமுத்துவுக்கு அந்த முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் கடமை தெரிந்தது. கட்டில் பக்கம் குனிந்தார்.

"ஞானஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சு" என்றது கட்டில்.

"விசுவாசப் பிரமாணம் சொல்லும் பாப்போம்."

கட்டிலில் கிடந்தவன் தலையை ஆட்டி மறுத்தான். "அது எனக்கு வராதுய்யா. சோத்துக்காகச் சொன்னா பொய்யாயிரும்."

கோயிலுக்குப் பின்னால் நின்று குழிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்த மாசிலாமணியின் காதில் அந்தக் குரல் விழுந்தது.

பெரிய மூப்பர் ஓடி யாரும் பார்த்ததில்லை. நடப்பதையே அவர் ஊர்வலம் போலத்தான் நடப்பார். அன்றைக்கு ஓடினார். துண்டு விழுந்தது, எடுக்கவில்லை. பந்திப் பாய் தடுக்கியது, நிற்கவில்லை.

வாசலில் துதிமுத்து பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "பெரியவரே, இந்த ஆளு ரெண்டாம் கேள்வியிலயே தவறிட்டாரு. உள்ள விட முறை இல்ல."

"தள்ளும்வே" என்றார் மாசிலாமணி.

வாசலைத் தாண்டி வெளியே போனார். கட்டில் அருகே மண்ணில் உட்கார்ந்தார். வெடித்துப்போன அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சற்குணம். ஏல, சற்குணம்."

"அப்பா, எனக்கு இன்னும் நம்பிக்கை வரல" என்றான் மகன். மூன்று வருஷம் கழித்துத் தகப்பனிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதைச் சொல்லாமல் உள்ளே வருவது களவு என்று அவன் நினைத்தான்.

"யாருல கேட்டா? உங்கிட்ட அதை யாருல கேட்டா?" என்று மாசிலாமணி அழுதார்.

கேட்கச் சொன்னது அவர்தான். வாசலில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். துதிமுத்து ஆமென் சொல்ல வாயெடுத்து, எதற்குச் சொல்வது என்று புரியாமல் மூடிக்கொண்டார்.

மூப்பர் மகனைத் தம் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சாராள் ஓடி வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சோற்றில் ரசத்தை விட்டுக் குழையப் பிசைந்து, ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். அவள் கேட்க வேண்டியது, சாப்பிடுகிறானா என்பது ஒன்றுதான்.

வாசலுக்கு வெளியே சுடலையாண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தான். மாசிலாமணி அவனிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மூப்பரய்யா, ஒண்ணு கேக்கலாமா?" என்றான் அவன். கிண்டல் பண்ணுகிற ஆள் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கேளு."

"சின்னவரு ரெண்டாம் கேள்விக்குப் பதில் சொல்லலையே. எப்படி உள்ள விட்டிய?"

"எம்புள்ளை என் வீட்டுக்குள்ள வாரதுக்கு எதுக்குல கேள்வி?"

சுடலையாண்டி தலையை ஆட்டினான். "அதான்யா. எங்களையும் உங்க சாமிதான் படைச்சாருன்னு ஞாயித்துக்கிழமை நீங்க பாடுறது அக்கரையில கேக்கும். அவரு நல்ல தகப்பன்னும் பாடுவிய. நல்ல தகப்பன்னா இப்ப நீங்க சொன்னதைத்தானே அவரும் சொல்லுவாரு?"

கடவுளுக்கே விளக்கம் சொல்கிற மனிதர், பனையேறியின் முன்னால் தலையைக் குனிந்தார். கோடு போட்ட மறுநாளே தெற்குப் பாதையைப் பார்க்க ஆரம்பித்தவர் அவர். ஒரு மகனை வெறுக்கத் தம்மாலேயே முடியவில்லை. அதைக் கடவுள் இருநூற்று அறுபது பேர் விஷயத்தில் சுலபமாகச் செய்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். கடவுளைவிடத் தாம் நல்ல தகப்பன் என்று ஒரு மனிதன் நினைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பக்தியா? அவருக்கு முகம் எரிந்தது. எரியட்டும், அவருக்கு அது தேவைதான்.

"எல்லாரையும் கூப்பிடுல. சோறு இருக்கு" என்றார்.

"கூப்பிட்டா வரமாட்டாவய்யா. புள்ளைங்களோட வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்காவ."

சரிதானே? விரட்டியவன் கூப்பிட்டதும் ஓடிவர அவர்கள் என்ன கோழிக்குஞ்சா?

மாசிலாமணி உள்ளே போனார். ஒரு பெரிய குத்துப்போணியில் சோற்றை அள்ளி நிரப்பினார். அதைத் தாமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். துதிமுத்து சாம்பார் வாளியைத் தூக்கினார். மாடு தேடிய அருளப்பன் பொரியலைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் நாற்பது வீட்டாரும் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழி வெட்டியவர்கள் மட்டும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்கள்.

ஓடையில் முழங்கால் தண்ணீர். நடு ஓடையில் மூப்பருக்குக் கால் வழுக்கியது. போணியை விடாமல் பிடித்துக்கொண்டார், ஆனால் துதிமுத்துவின் வாளி தளும்பி, சாம்பார் மூப்பரின் வெள்ளை வேட்டியில் பின்புறம் முழுக்கக் கொட்டியது. கரையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஊர் கூடியிருக்கும்போது மாசிலாமணிமேல் மாசு பட்டது அன்றைக்குத்தான். அவருக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

புளியமரத்தடிக்கு வந்து சோற்றை இறக்கி வைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். பெரிய மூப்பர் ஈர வேட்டியோடு நின்றார். விரட்டினால் திரும்பிப் போக வேண்டியதுதான், அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"நாங்களும் உங்களோட உக்காரலாமா?" என்று கேட்டார். அவருக்கே கேட்காத குரலில் கேட்டார்.

சுடலையாண்டி தன் ஆட்களைப் பார்த்தான். பிறகு நகர்ந்து பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டான்.

"உக்காருங்க மூப்பரய்யா. எங்க பக்கம் கேள்வி ஒண்ணும் கிடையாது."

மாசிலாமணி உட்கார்ந்தார். நாற்பது வீட்டாரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சோறு மிஞ்சவில்லை.

சற்குணத்துக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்று கேட்க உங்களுக்கு ஆசையாக இருக்கும். வரவில்லை. பொய் சொல்ல அவனுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. அவன் தகப்பன் வீட்டில்தான் இருந்தான், தகப்பன் கையால்தான் சாப்பிட்டான், கேள்வி கேட்பார் இல்லை.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே, கோயில் முதல் வரிசைக்காரர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: கடவுளை நம்பாதவனுக்கும் கடவுள் தகப்பன்தான் என்பதால், அந்தத் தகப்பன் வீட்டு வாசலில் நின்று பிள்ளைகளைத் தடுக்கும் உரிமை எந்த விசுவாசிக்கும் கிடையாது.